அயனிவிளை மகாசபையின் ஒற்றைச் சதஸ்

அயனிவிளை என்ற வீட்டுப்பேர் உள்ளவர்களில் பிரமுகர் ஆகாமல் மிஞ்சியிருந்த ஒரே மனிதன் நான்தான். தற்பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. ஒரு மகாசபை கூடி, விவாதித்து, கை தூக்கி நிறைவேற்றி, மைக்கில் அறிவித்த தீர்மானம் இது.

தம்பானூரில் ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள சந்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறேன். சாவி கொடுப்பேன், சாவி வாங்குவேன். நடுவில் ஆதார் கார்டைப் பார்த்து, ஆளைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதானா என்று யோசிப்பேன். சொந்த ஊர் பாறசாலைக்கும் தெற்கே, எல்லைக்கு இந்தப் பக்கம். பெயர் ஏ. சத்தியதாஸ். அந்த ஏ அயனிவிளை. எங்கள் ஆட்கள் யாரோ ஒரு காலத்தில் அயனி மரம் நின்ற விளையில் குடியிருந்ததால் வந்த பேர், வேறு மகிமை ஒன்றும் அதற்குக் கிடையாது. மரத்தை வெட்டினார்கள், விளையை விற்றார்கள், பேரை வாங்க ஆள் வராததால் அது மட்டும் எங்களோடு நின்றது. அந்த எழுத்தால் எனக்கு நல்லதும் நடந்ததில்லை, கெட்டதும் நடந்ததில்லை.

என் மனைவி லீலாபாய்க்கு இடது காது கேட்காமல் போனபோதுதான் அந்த எழுத்துக்கு வேலை வந்தது. முதலில் காதுதான் என்று நினைத்தோம். பிறகு நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய ஆரம்பித்தாள். அரசு ஆஸ்பத்திரியில் மரியாதையாகவே பார்த்தார்கள். ஸ்கேன் எடுத்துவிட்டு, காதுக்குப் பின்னால் மூளையோடு ஒட்டி ஒரு கட்டி இருக்கிறது, இடம் மோசமான இடம், இதைத் தொட்டு ஆளை முழுதாகத் திருப்பித் தருகிறவர் இந்த ஊரில் ஒருவர்தான் என்றார்கள். அவர் பேரைக் கேட்டேன். டாக்டர் ஜெயன் அயனிவிளை.

வீட்டுக்கு வந்து சொன்னதும் லீலா கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நம்ம ஆளுதானே! பிள்ளைக்க அப்பா, நீங்க போய் ஒரு வாக்கு சொல்லுங்க. வீட்டுப்பேரு ஒண்ணாக்கும்னு சொன்னா மறுத்திருவாரா?"

டாக்டரின் ஆஸ்பத்திரியில் போய் அப்பாயின்ட்மென்ட் கேட்டேன். அடுத்த ஓணம் கழிந்து வரச் சொன்னார்கள். இந்த ஓணமே அப்போது வந்திருக்கவில்லை. கட்டி அதுவரை சும்மா இருக்குமா என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நானும் அயனிவிளைதான் என்றேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யோ, ஃபேமிலியா? ஃபேமிலி காரியம் எல்லாம் சார் மகாசபையிலதான் பேசுவார், கேட்டோ. இங்க பேசமாட்டார்."

அப்படி ஒரு சபை இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். நம்ம ஊரில் ஒரே வீட்டுப்பேர் உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கூடிச் சாப்பிட்டுப் பிரிவது உண்டு. குடும்பயோகம் என்பார்கள். சாம்பார், அவியல், இரண்டு பாயசம், ஒரு குரூப் போட்டோ. அது வளர்ந்தால் மகாசபை. மகாசபையில் சாப்பாடு குறையும், பொன்னாடை கூடும்.

கவடியார் பக்கம் ஒரு ஏசி ஹாலில் கூட்டம். கதவைத் திறந்து உள்ளே போனவன் திகைத்து நின்றேன். ஹால் முழுக்க மேடை. ஒரு ஓரத்தில் போட்ட மேடையை வருஷா வருஷம் நீட்டி நீட்டி வாசல் வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். அதில் வரிசை வரிசையாக நாற்காலி, அதில் நிறைய ஆட்கள், எல்லார் கழுத்திலும் பொன்னாடை. முன்வரிசையில் ஒரு அல்சேஷன் நாயும் பொன்னாடையோடு உட்கார்ந்திருந்தது. கீழே வாசலை ஒட்டி ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, காலியாக.

கையில் மைக்கோடு ஒரு அம்மாள் படியிறங்கி வந்தார். சபையின் செயலாளர் ஜெஸி.

"அண்ணன் அயனிவிளையா? எந்த வகையில பிரமுகர்?"

"லாட்ஜில ரிசப்ஷனில நிக்கேன்."

"அது சரி. வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

"அவார்டு வல்லதும்?"

"இல்ல."

"புக்கு எழுதியிருக்கியளா?"

"லாட்ஜு ரெஜிஸ்டர் எழுதுவேன்."

"டிவியில?"

"வீட்டில டிவி உண்டு."

ஜெஸி அம்மாளின் கண் கலங்கிவிட்டது. மைக்கை வாயருகே கொண்டுபோய் மேடையைப் பார்த்துக் கத்தினார். "சாரே! ஒருத்தர் கிடைச்சாச்சு! ஒண்ணும் ஆகல்ல!"

மேடையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். நாயும் குரைத்தது.

விஷயம் இதுதான். சபை தொடங்கிய காலத்தில் மேடையில் நாலைந்து பேர், கீழே முந்நூறு பேர். கீழே இருந்தவர்களுக்கு மனசு கேட்குமா? ஒரே வீட்டுப்பேர், ஒரே சந்தா, அவனுக்கு மட்டும் பொன்னாடை என்றால் எரியாதா? சண்டை வந்தது. சண்டை வேண்டாம் என்று பிரமுகர் நிர்ணயக் குழு விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. பிறகு இன்னும் கொஞ்சம். மந்திரியோடு ஒரே லிஃப்டில் ஏறிய பெண் மேடைக்குப் போனாள். கலெக்டரின் கார் மோதிய ஸ்கூட்டருக்குச் சொந்தக்காரன் போனான். நாய் கண்காட்சியில் கோப்பை வாங்கிய டைகர் போனது. பஞ்சாயத்துத் தேர்தலில் டெபாசிட் போனவர், போன வேகத்துக்காகப் போனார். கடைசியாகக் கீழே மிஞ்சியிருந்தவர் நெய்யாற்றின்கரையில் பலசரக்குக் கடைக்காரர். ஒரு சினிமா நடிகர் அவர் கடை முன்னால் காரை நிறுத்தி வழி கேட்டார். சரியான வழியைச் சொன்னதற்காக அவரும் போன வருஷம் படியேறிவிட்டார்.

கீழே ஆளில்லை. மேடைக்கு எதிரே கேட்க ஒரு சதஸ் இருந்தால்தான் அது யோகம், இல்லாவிட்டால் வெறும் கமிட்டி, கமிட்டியில் போர்த்தினால் பொன்னாடையும் வெறும் துணி என்று அவர்கள் பைலா சொல்கிறதாம். ஒரு வருஷமாக அத்தனை பிரமுகர்களும் பாராட்டுக்கு வழியின்றித் தவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நான் போய் நின்றேன்.

என்னைக் கைபிடித்துக் கூட்டிவந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார் ஜெஸி. குனிந்து காதில் சொன்னார்.

"அண்ணன் ரெண்டு காரியம் மட்டும் பாத்துக்கிடணும். வாய் திறக்கப்பிடாது. திறந்து நாலு நல்ல வாக்கு சொல்லிட்டா அது ஆசம்சை ஆயிரும். ஆசம்சைப் பிரசங்கம் பண்ணின ஆளு பிரமுகராக்கும், பைலாவில உண்டு. பின்ன, எழும்பிப் போகப்பிடாது. ரெண்டு பண்ணினாலும் கீழ ஆளிருக்காது, யோகம் பிரிஞ்சுபோவும்."

"எனக்கு டாக்டர் சாரிட்ட ஒரு வாக்கு பேசணும். எனக்க பெண்டாட்டிக்கு..."

"யோகம் முடியட்டும் அண்ணா."

யோகம் ஆரம்பித்தது. ஜெபம் தமிழில், வரவேற்பு மலையாளத்தில், வரவேற்பில் யார் பேர் விட்டுப்போனது என்ற சண்டை இங்கிலீஷில். அதன்பிறகு சபைத் தலைவர், ஓய்வுபெற்ற நீதிபதி நேசையன் அயனிவிளை, என்னை நோக்கிக் கும்பிட்டுத் தொடங்கினார்.

"பிரியமுள்ள சதஸே! நான் நீதிபதியாக இருந்த காலம் முழுவதும் என் தீர்ப்பு ஒன்றைக்கூட மேல்கோர்ட் ரத்து செய்ததில்லை. தீர்ப்புச் சொன்னால்தானே ரத்து செய்வார்கள்? என் கைக்கு வந்த கேஸை ஒரு கீறல் விழாமல் அப்படியே அடுத்தவர் கையில் ஒப்படைத்தேன். வாதியும் பிரதிவாதியும் அதற்குள் கர்த்தருக்குள் நித்திரையடைந்து சமாதானமாகிவிட்டார்கள். அதுவல்லவா நீதி! நாமெல்லாம் ரத்த உறவா என்று சிலர் கேட்கிறார்கள். இல்லவே இல்லை. ரத்த உறவென்றால் சொத்தில் பங்கு கேட்பார்கள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூப்பிடுவார்கள். பேர் உறவு அப்படியல்ல. பேர் உறவில் யாரும் யாருக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம். அதனால்தான் நம்முடைய பாசம் இவ்வளவு சுத்தமாக இருக்கிறது!"

மேடை என்னைப் பார்த்தது. நான் கை தட்டினேன். பெரிய ஹாலில் ஒருத்தன் தட்டும் சத்தம் எவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தட்டிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

அடுத்து டாக்டர் ஜெயன். மெலிந்த விரல்கள், மென்மையான குரல். அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த விரல் லீலாவின் தலையைத் தொட்டால் போதும்.

"என்னிடம் ஏழை, பணக்காரன் என்ற பேதமே கிடையாது. இருவராலும் என்னைப் பார்க்க முடியாது. நோயாளியின் முகத்தையும் நான் பார்ப்பதில்லை, ஸ்கேனை மட்டுமே பார்ப்பேன். முகத்தைப் பார்த்தால் மனசு இளகும், மனசு இளகினால் கை நடுங்கும். கை நடுங்கினால் நஷ்டம் யாருக்கு? மருத்துவத் துறைக்கு!"

இதற்கும் கை தட்டினேன். வேறென்ன செய்ய, காரியம் ஆகவேண்டுமே.

யோகம் முடிந்ததும் மேடையை நோக்கிப் போனேன். சதஸ் கலைந்த பிறகுதான் மேடை இறங்கும் என்றார்கள். சதஸ் நான்தான் என்பதால் நான் வெளியே போய் நின்றேன். அவர்கள் பின்வாசல் வழியாக இறங்கிக் காரில் போய்விட்டார்கள்.

மறுநாளே நீதிபதியும் ஜெஸியும் லாட்ஜுக்கு வந்தார்கள். கவுன்டரில் லீலாவின் ஸ்கேனை விரித்துவைத்தே சொன்னேன். நீதிபதி அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

"சத்தியதாசே, நீ ஒண்ணும் பேடிக்க வேண்டாம். டாக்டரிட்ட நான் சொல்லுவேன். நீ சபைக்கு இருந்து தா, டாக்டர் உனக்குப் பாத்துத் தருவார். அடுத்த மாசம் எனக்க எண்பதாம் பிறந்தநாள் யோகம். அது கழிஞ்சதும் காரியம் நடக்கும்."

பிறந்தநாள் யோகம் கழிந்தது. அதன் பின்னாலேயே லிஃப்டில் ஏறிய அம்மாளின் சுயசரிதை வெளியீடு வந்தது. அதற்குப் பிறகு பலசரக்குக் கடைக்காரர் வழி சொன்ன இடத்தில் நினைவுக்கல் திறப்பு, நட்டுச்சைக்கு, உச்சி வெயிலில், நான் மட்டும் குடையில்லாமல். சதஸ் குடை பிடித்தால் மேடைக்கு முகம் தெரியாதாம். ஒவ்வொன்றும் முடிந்ததும் ஜெஸி, "டாக்டர் சார் அண்ணன் காரியம் ஓர்மை வச்சிருக்கார், கேட்டோ," என்பார். ஒவ்வொன்றுக்கும் போய்விட்டு வரும்போது லீலா கொஞ்சம் குறைந்திருப்பாள். முகம் ஒரு பக்கம் இழுக்க ஆரம்பித்தது. சோற்றை வாயின் ஒரு பக்கமாகவே மென்றாள். எங்கள் மகள் பிரிஸில்லா பி.எட். படிப்பை நிறுத்திவிட்டு அம்மையைப் பார்த்துக்கொண்டாள்.

"இண்ணைக்குப் பாத்தியளா?" என்று லீலா தினமும் கேட்பாள்.

"பாத்தேன். நல்லா பேசினார்."

"உங்ககிட்டயா?"

"மைக்கிட்ட."

இதற்கிடையே லாட்ஜில் தீப்பிடித்தது. மூன்றாம் மாடியில் ஒரு ஏசி வெடித்து, புகை மண்டிவிட்டது. கோயிலுக்கு வந்த வயசான தம்பதி உள்ளே மாட்டிக்கொண்டார்கள். நான் ஈரத்துணியை முகத்தில் கட்டிக்கொண்டு மேலே போய், மாஸ்டர் சாவியால் கதவைத் திறந்து, அந்த அம்மாளைத் தோளில் போட்டு, அந்தப் பெரியவரைக் கையில் பிடித்து இறக்கிவிட்டேன். சாவி என் கையில்தானே இருந்தது, வேறு யார் போவார்கள்? ஆனால் பத்திரிகைக்காரன் வந்துவிட்டான். பேர் கேட்டான், போட்டோ கேட்டான்.

அன்றைக்கு மகாசபை நடுங்கியதுபோல் தீயில் மாட்டிய தம்பதிகூட நடுங்கவில்லை. பேப்பரில் என் படம் வந்தால் நான் பிரமுகர். நான் பிரமுகரானால் கீழே யார்? நீதிபதி மூச்சிரைக்க லாட்ஜ் படியேறி வந்து, ரிசப்ஷன் சோபாவில் விழுந்தார்.

"எடோ சத்தியதாசே, இது என்ன வேலை காட்டிட்டே? ரெண்டு பேரைக் காப்பாத்தப் போய் ஒரு குடும்பத்தையே தெருவில விட்டியே! மேல இருக்கிற நாங்க எல்லாம் யாரைப் பாத்துப் பேசணும்? சாதாரண ஆளா இருக்கது எவ்வளவு கஷ்டம்ணு எங்களுக்குத் தெரியாதா? எங்களால முடியல்ல, அதனாலதானே பிரமுகர் ஆனோம். உனக்கு அந்தக் கழிவு, அந்தத் திறமை உண்டு. அதை நீ கெடுக்கப்பிடாது."

"எனக்குப் படம் ஒண்ணும் வேண்டாம் சாரே. டாக்டரை மட்டும் காட்டித் தாங்க."

நீதிபதி எழுந்து உட்கார்ந்தார். பேரம் அங்கேயே முடிந்தது. நான் காப்பாற்றவில்லை என்று பத்திரிகைக்காரனிடம் சொல்ல வேண்டும். பதிலுக்கு, டாக்டரைப் பாராட்டிச் சபை நடத்தப்போகும் அனுமோதன யோகம் முடிந்த கையோடு, டாக்டர் தன் காரிலேயே என் வீட்டுக்கு வந்து லீலாவைப் பார்த்து, மறுநாளே ஆபரேஷனுக்குச் சேர்த்துக்கொள்வார். டாக்டரே போனில் "ஓகே" என்றார். அந்த ஒரு வார்த்தையை நான் என் காதால் கேட்டேன்.

நான் காப்பாற்றவில்லை என்றால் பின்னே யார் காப்பாற்றியது? ஏற்கெனவே பிரமுகராக உள்ள ஒருவருக்குக் கொடுத்தால் யாருக்கும் நஷ்டமில்லை என்று குழு முடிவு செய்தது. மறுநாள் பேப்பரில் டைகரின் படம் வந்தது. தீக்குள் பாய்ந்து முதிய தம்பதியை மீட்ட அயனிவிளை டைகர். காப்பாற்றப்பட்ட பெரியவர் மட்டும், நாய் வந்த ஞாபகம் இல்லையே என்று சொல்லிப் பார்த்தாராம். புகை அதிகம் குடித்திருக்கிறார் என்று எழுதிவிட்டார்கள்.

லீலா பேப்பரை ஒரு கண்ணுக்கு நேரே பிடித்துப் படித்தாள். "இந்தப் பட்டி சாவி போட்டு எப்படித் திறந்ததாம்?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். இழுத்த முகத்தோடு, இருமல் வரும் வரைக்கும் சிரித்தாள். அவள் நன்றாகச் சிரித்தது அதுதான் கடைசி.

டாக்டரின் அனுமோதன யோகத்துக்கு நான் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். லீலாவுக்குக் காலையிலிருந்தே தலைவலி. "போயிட்டு அவரையும் கூட்டிட்டு வாங்க, நான் கிடந்துக்கிடுவேன்," என்றாள். பிரிஸில்லா வீட்டைப் பெருக்கி, டாக்டர் உட்கார அடுத்த வீட்டிலிருந்து நல்ல நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டிருந்தாள்.

டாக்டருக்கு டில்லியில் ஏதோ விருது. அதற்காக அன்று அவருடைய ஆஸ்பத்திரியில் நோயாளி பார்ப்பதை ரத்து செய்திருந்தார்கள். மேடையில் இருந்த அத்தனை பேரும் ஆசம்சை சொன்னார்கள். ஒவ்வொருவரும் டாக்டரைப் பற்றி ஒரு வரி, தன்னைப் பற்றி மிச்சம் எல்லாம். டைகருக்கும் மைக் நீட்டினார்கள், அது மட்டும்தான் சுருக்கமாக முடித்தது. என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. பிரிஸில்லா. எழும்பினால் யோகம் பிரியும், யோகம் பிரிந்தால் டாக்டர் வரமாட்டார். எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. மறுபடியும்.

டாக்டர் பதிலுரைக்கு எழுந்தார்.

"மூளை விஷயத்தில் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்," என்று தொடங்கினார். "ஒரு நிமிஷத் தாமதத்தில் ஓர் உயிர் போகும். அதனால்தான் நான் நேரத்தை வீணாக்குவதே இல்லை." பிறகு தன் பள்ளிப் பருவத்துக்குப் போனார். மெல்லக் கல்லூரிக்கு வந்தார். எடின்பரோவுக்குப் போய் அங்கே பனியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் போனை எடுத்துக் காதில் வைத்தேன்.

"அப்பா, அம்மைக்கு ஃபிட்ஸ் மாதிரி வந்து நாக்கைக் கடிச்சிட்டா. வாயில எல்லாம் ரத்தம். நான் ஆட்டோவில கொண்டுபோறேன். அவரைக் கூட்டிட்டு வாங்கப்பா, வேகம் வாங்கப்பா!"

எழுந்துவிட்டேன். வாயும் திறந்துவிட்டது.

"டாக்டரே! எனக்க பெண்டாட்டி ஆட்டோவில கிடந்து சாவப்போறா! உங்க காலில விழுறேன், ஒரு தடவை வந்து பாருங்க!"

மேடை முழுக்க மூச்சு நின்றது. டாக்டர் எடின்பரோவிலேயே நின்றார். ஜெஸியின் கையிலிருந்து மைக் விழுந்து வீறிட்டது. நீதிபதி எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, வாழ்நாளில் முதல்முறையாக உடனடித் தீர்ப்பு ஒன்றைச் சொன்னார்.

"சதஸ் பேசியிருக்கிறது. யோகத்தில் பேசியவர் பேச்சாளர். பேச்சாளர் பிரமுகர். அயனிவிளை சத்தியதாஸ் இன்றுமுதல் பிரமுகர் என்று இந்த மகாசபை மிகுந்த வருத்தத்தோடு அறிவிக்கிறது!"

யாரோ பொன்னாடையைக் கொண்டுவந்தார்கள். நான் டாக்டரிடம் போக முயன்றேன். அவர்கள் என்னைப் பிடித்துப் போர்த்தினார்கள். போட்டோக்காரன் சிரிக்கச் சொன்னான். டாக்டரின் கையை எட்டிப் பிடித்தேன். அவர் என் கையைக் குலுக்கி, "கன்கிராஜுலேஷன்ஸ்," என்றார்.

"டாக்டரே, நீங்க ஓகேன்னு சொன்னியளே!"

"அது சாதாரண அங்கத்தினர் என்ற நிலையில் உங்களுக்குத் தந்த வாக்கு," என்றார் மென்மையாக. "இனி நீங்கள் பிரமுகர். பிரமுகர்கள் ஒருவரையொருவர் உபத்திரவம் செய்வதில்லை. அப்படித்தானே நாங்களெல்லாம் ஒற்றுமையாக இருக்கிறோம்?"

அவரைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டியிருக்க வேண்டும். எனக்கு அப்போது வாயில் அழுகைதான் வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே ஓடி, ஓடுகிற ஆட்டோவை மறித்து ஏறினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவு வாசலில் பெருங்கூட்டம். கழுத்தில் பொன்னாடையைப் பார்த்ததும் செக்யூரிட்டி எழுந்து நின்று, கூட்டத்தை விலக்கி, "சாரே, இதிலே வாங்க," என்று கதவைத் திறந்துவிட்டார். பொன்னாடையால் எனக்குக் கிடைத்த ஒரே உபகாரம் அது. உள்ளே பிரிஸில்லா தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர்கள் அவர்களால் முடிந்ததெல்லாம் செய்திருந்தார்கள். லீலாவின் முகத்தை மூடியிருந்தார்கள். நான் துணியை விலக்கிப் பார்த்தேன். இழுப்பு விட்டு முகம் நேராகியிருந்தது. என் லீலா, அவள் முகம் அப்படியே இருந்தது.

அடக்கம் கழிந்த வாரமே மகாசபை அனுசோசன யோகம் வைத்தது. பிரமுகரின் மனைவி இறந்தால் வைத்தாக வேண்டும், பைலாவில் உண்டு. நான் போயிருக்க வேண்டாம். லீலாவின் பேரை நாலு பேர் மரியாதையாகச் சொல்லிக் கேட்கவேண்டும் என்று ஒரு ஆசை, போனேன். பேனரில் அவள் படம் ஓரத்தில் ஸ்டாம்பு அளவு. மேடையில் டைகருக்கு அடுத்த நாற்காலி எனக்கு. பிரிஸில்லாவை ஜெஸி தாங்கலாகப் பிடித்துக் கூட்டிவந்து, கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"மோள் படிப்பை நிறுத்தியாச்சு அல்லே? நல்ல காரியம். இனி தொடங்க வேண்டாம், கேட்டோ," என்றார்.

நீதிபதி தன் மனைவி உயிரோடிருப்பதைப் பற்றிப் பேசினார். லிஃப்ட் அம்மாள் அந்த லிஃப்டைப் பற்றியே பேசினார். பிறகு டாக்டர் ஜெயன்.

"அந்த ஸ்கேனை நேற்றுதான் வரவழைத்துப் பார்த்தேன். எவ்வளவு அருமையான கட்டி! எனக்கு அது அரை நாள் வேலை. ஒரு மாசம் முன்னால் என்னிடம் வந்திருந்தால் அந்தச் சகோதரி இன்று இந்த யோகத்தில் நம்மோடு உட்கார்ந்திருப்பார். என்ன செய்வது, நம் மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை. கடைசி நிமிஷம் வரை வீட்டில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்."

மேடை கீழே பார்த்தது. பிரிஸில்லா கை தட்டவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தாள்.

"மோளே, எழும்பாதே!" ஜெஸி பதறினார். "யோகம் பிரிஞ்சுபோவும்!"

"பிரியட்டு," என்றாள் பிரிஸில்லா. திரும்பி நடந்தாள். நானும் பொன்னாடையை உருவி நாற்காலியில் போட்டுவிட்டு, படியிறங்கி அவள் பின்னால் போனேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. கதவை இழுத்துச் சாத்திவிட்டு வெளியே வந்து இருவரும் நின்றோம். ஒரு சபை உடைந்து நொறுங்கும் சத்தத்தைக் கேட்கவேண்டும் என்று எனக்கு அவ்வளவு வெறி இருந்தது.

உள்ளே டாக்டர் பேசிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விடவில்லை, ஒரு மூச்சு நிறுத்தவில்லை. எடின்பரோவுக்குப் போய்விட்டிருந்தார். ஏதோ சொன்னார். கைதட்டல் எழுந்தது. நான் ஒற்றையாகத் தட்டிய சத்தமெல்லாம் ஒரு சத்தமா, ஹால் அதிரும் கைதட்டல், அத்தனை பிரமுகர்களும் தங்களுக்குத் தாங்களே தட்டிக்கொள்ளும் கைதட்டல்.

பிரிஸில்லா கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, யோகம் பிரியல்லியே."

"இல்ல மக்களே."

"கீழ ஆளில்லாமலும் நடக்குது. அப்பம் அண்ணைக்கு நான் முதல் தடவை போன் பண்ணினப்பளே நீங்க எழும்பி வந்திருந்தா..."

அவள் தோளைப் பிடித்தேன், அவள் என் கையை விலக்கிவிட்டாள்.

உள்ளே மைக்கில் நீதிபதியின் குரல் கேட்டது. அடுத்ததாக நன்றியுரை, நம் புதிய பிரமுகர் சத்தியதாஸ் வழங்குவார் என்று அறிவித்தார். மேடையில் என் நாற்காலி காலியாக இருப்பதை யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. என் நன்றியுரைக்கும் கை தட்டினார்கள்.